மூன்றாகிப்போன வலையமைப்பும் திருகோணமலையின் இரண்டாவது சிம்மும்

2024 ஜூன் 26ஆம் திகதி எயார்டெல் லங்கா முழுவதுமாக டயலொக் ஆசிஆட்டாவின் கைக்கு வந்தது. இதில் காசு கைமாறவில்லை. பாரதி எயார்டெல் தன் இலங்கைக் கம்பனியைக் கொடுத்து, பதிலுக்கு டயலொக்கில் 10.355 வீதப் பங்கை எடுத்துக்கொண்டது. 2023 மே மாதம் பேச்சு வெளியே வந்தது, 2024 ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தானது, ஜூனில் காரியம் முடிந்தது. கொழும்பில் பங்குச்சந்தைக்காரர்கள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அதே கிழமையில், திருகோணமலை பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருக்கும் ரீலோட் கடைகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது வேறொரு கேள்வி: "என்ட நம்பர் போயிருமா?"

ஐந்து கைபேசிக் கம்பனி இருந்த நாடு இது. 2018 நவம்பர் கடைசியில் ஹட்ச், எடிசலாட்டை எடுத்தபோது நான்கானது. 2024இல் மூன்று. இரண்டாவதாக நடந்த இணைப்பை எங்கள் ஊர் வாடிக்கையாளர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் இங்கே பேசப்படுவது. கருத்துக்கணிப்பு எதுவும் நடத்தவில்லை. கடைகளிலும் மீன் வாடிகளிலும் தெரிந்தவர் வீடுகளிலும் கேட்டது, பார்த்தது, அதோடு எல்லாரும் அறிந்த தகவல்கள், அவ்வளவுதான். என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். 075, அதாவது எயார்டெல் நம்பர், வைத்திருந்தவர்கள்தான் பயந்தார்கள், கேள்வி கேட்டார்கள், சிலர் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் இந்த இணைப்பில் கூடுதலாக அக்கறைப்பட்டிருக்க வேண்டியவர்கள் 075ஐக் கையால் தொடாதவர்கள். அவர்களிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

நம்பர்

நம்பரைப் பற்றிய பயம் சின்ன விஷயமில்லை. கிண்ணியாவிலும் மூதூரிலும் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடா நாட்டில் இருந்த காலம் உண்டு, இன்றும் பல வீடுகளில் உண்டு. கட்டாரில் இருக்கும் மகன் தாயோடு கதைப்பது வட்ஸ்அப்பில். அந்த வட்ஸ்அப் நிற்பது அந்த நம்பரில். வங்கியிலிருந்து காசு எடுத்தால் வரும் மெசேஜ் அந்த நம்பருக்குத்தான் வரும். பிள்ளையின் ஸ்கூலில் கொடுத்ததும் கிளினிக் கொப்பியில் எழுதியதும் அதே நம்பர். ஓட்டோ ஓட்டுபவருக்கு அது வண்டியின் பின்பக்கத்தில் பெயின்டால் எழுதிய நம்பர். கம்பனி யாருக்குச் சொந்தம் என்பது யாருக்கும் பெரிதாகப் படவில்லை என்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கடைக்காரர்களின் பதில் ஒன்றுதான்: "நம்பர் மாறாது நானா, சிம்மும் அப்படியே இருக்கட்டும், பயப்பட வேணாம்." அதுதான் சரி. 075 வாடிக்கையாளர்கள் தங்கள் நம்பரோடேயே தொடர்ந்தார்கள். ஆனால் ஏன் மாறத் தேவையில்லை என்று விளங்கிச் சொன்னவர்கள் குறைவு. விஷயம் இவ்வளவுதான். ஒவ்வொரு சிம்முக்குள்ளும் அது எந்த நாட்டுக்கு, எந்தக் கம்பனிக்கு உரியது என்று ஒரு குறியீடு இருக்கும். இலங்கைக்கு 413. அதற்குப் பின்னால் டயலொக்குக்கு 02, எயார்டெல்லுக்கு 05. டவர் தன் குறியீட்டைச் சொல்லிக்கொண்டே இருக்கும். போன் அதைத் தன் சிம்மில் உள்ளதோடு பொருத்திப் பார்த்து ஒட்டிக்கொள்ளும். இரண்டு கம்பனி ஒன்றாகும்போது, மற்றக் குறியீட்டையும் உன்னுடையது என்றே எடுத்துக்கொள் என்று போனுக்குத் தெரிவிக்கும்படி வலையமைப்பை அமைக்க முடியும். உலகத்தில் இப்படி நடந்த இணைப்புகளில் வழக்கமாகக் கையாளப்படும் வழி இது. சிம்மைக் கழற்றாமலே டவர் மாறிவிடும்.

இதைச் சொல்ல அரைப் பக்கம் போதும். அந்த அரைப் பக்கம் தமிழில் கடைச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தால் அந்தக் கிழமைகளில் பாதிப் பயம் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். இது ஒரு கம்பனியோடு நிற்கும் குறையில்லை. வேறொரு சமயம் எனக்கு வந்த ஒரு கட்டண அறிவித்தல், எந்தக் கம்பனி என்பது வேண்டாம், ஆங்கில எழுத்தில் தமிழாக வந்தது. வாசித்து முடிக்கும்போது கட்டணம் கூடியதா குறைந்ததா என்பதே தெரியவில்லை. திருகோணமலை மாதிரி மூன்று இனமும் கலந்து வாழும் மாவட்டத்தில் மெசேஜ் எந்த மொழியில், எந்த எழுத்தில் போகிறது என்பது நிர்வாகத்தின் சில்லறை வேலை இல்லை.

இன்னொரு வதந்தியும் கொஞ்ச நாள் ஓடியது: "இந்தியாக்காரன் விட்டுட்டுப் போறான்." எங்கள் ஊரில் இந்தப் பேச்சுக்குக் காது கூடுதலாகத் திறக்கும். சீனன்குடாப் பக்கம் காட்டுக்குள் நிற்கும் 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி 2022 ஜனவரியில் ஒப்பந்தம் வந்ததிலிருந்து, இந்தியா வருவதும் போவதும் தேநீர்க் கடைக்கு நல்ல தலைப்பு. ஆனால் இந்த விஷயத்தில் பாரதி எயார்டெல் முழுதாகப் போகவில்லை. முன்பு நட்டத்தில் ஓடிய சின்னக் கம்பனியின் முழு முதலாளி, இப்போது நாட்டின் ஆகப் பெரிய கைபேசிக் கம்பனியில் பத்து வீதத்துக்குச் சொந்தக்காரர். வியாபாரக் கணக்கில் பார்த்தால் நல்ல மாற்றுத்தான்.

பழகிப்போனவர்கள்

எல்லாரும் பயப்படவில்லை. 072 நம்பர் வைத்திருக்கும் பழைய ஆட்கள் சிரித்தார்கள். அந்த நம்பர்களின் கதை அப்படி. 1989இல் நாட்டின் முதல் கைபேசிச் சேவையாக வந்த செல்டெல், 2007இல் டிகோ ஆனது, 2010இல் எடிசலாட் ஆனது, அப்புறம் ஹட்சுக்குள் போனது. சமாதான காலத்தில் செல்டெல் சிம் எடுத்த ஒருவர் நம்பரை மாற்றாமலே நான்கு கம்பனிப் பெயரைப் பார்த்துவிட்டார். மத்திய வீதியில் கடை வைத்திருக்கும் அப்படிப்பட்ட ஒருவரிடம் எயார்டெல் கதையைச் சொன்னேன். "போர்டைத்தான் மாத்துவாங்க தம்பி, பில்லை மாத்தாம விட்டாச் சரி" என்றார். பில்லைப் பற்றிய அந்தப் பேச்சுக்குத் திரும்பி வருகிறேன்.

இரண்டாவது சிம் எப்படி வந்தது

எயார்டெல் இலங்கைக்கு வந்தது 2009 ஜனவரியில், ஐந்தாவது ஆளாக. கடைசியாக வருபவன் விலையை உடைத்துத்தான் உள்ளே வர வேண்டும். உடைத்தது. மற்றவர்களும் இறங்கினார்கள். அந்தப் போட்டி எவ்வளவு தூரம் போனதென்றால், 2010இல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு தலையிட்டு, இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று ஓர் அடிவிலையை வைத்தது: தன் வலையமைப்புக்குள் நிமிடத்துக்கு 1 ரூபா, வேறு வலையமைப்புக்கு 2 ரூபா. விலையைக் கூட்டாதே என்று கேட்க வேண்டிய இடத்தில், குறைக்காதே என்று கேட்கப்பட்ட காலம் அது.

திருகோணமலைக்கு அந்த ஆண்டுகள் முக்கியமானவை. போர் முடிந்தது. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. படகுக்குக் காத்திருந்து போன இடத்துக்கு பஸ்ஸில் போகலாம் என்றானது. தொழில் ஓடத் தொடங்கியதும் பேச்சும் கூடியது. ஏற்கெனவே டயலொக்கின் 077 வைத்திருந்தவர்கள் அதை விடவில்லை. விட முடியாது, எல்லாரிடமும் அந்த நம்பர்தான் இருந்தது. நம்பரை வைத்துக்கொண்டு கம்பனியை மாற்றும் வசதி, இணைப்பு நடந்த 2024 ஜூனிலும் இலங்கையில் நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. ஆகவே சனம் தானே ஒரு வழி கண்டுபிடித்தது. இரண்டு சிம் போடும் மலிவு போன் ஒன்று. முதலாவது குழியில் ஊருக்குத் தெரிந்த நம்பர். இரண்டாவதில் மலிவாகக் கதைக்கும் நம்பர்.

என் பார்வையில் இதுதான் இந்த நிகழ்வின் மையம். நம்பரோடு கம்பனி மாறும் வசதி இல்லாத நாட்டில் போட்டி என்பது அந்த இரண்டாவது குழிக்குள்தான் இருந்தது. உள்துறைமுக வீதியிலோ என்.சி. வீதியிலோ நின்று பாருங்கள். ஓட்டோவின் பின்னால், தச்சுப்பட்டறைப் போர்டில், கேக் செய்து விற்கும் வீட்டுக் கேற்றில், எங்கும் இரண்டு நம்பர். ஒன்று அழைப்பு வர, மற்றது அழைப்பு எடுக்க. எந்த வலையமைப்புக்கும் எல்லையில்லாமல் கதைக்கலாம் என்ற மாதப் பேக்கேஜை எயார்டெல் கொண்டுவந்த பிறகு 075 பலருக்கு வாயாகவே ஆகிவிட்டது. வரும் அழைப்பு 077இல், போகும் அழைப்பு 075இல்.

2022 வந்தது. ரூபா சரிந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். டவர்கள் டீசலில் நிற்க, டீசலும் இல்லை. கம்பனிகளுக்குக் கருவியெல்லாம் டொலரில், வருமானம் ரூபாவில். செப்டம்பர் 5ஆம் திகதி முதல் கைபேசிக் கட்டணங்கள் 20 வீதம் கூடின. வற் வரி படிப்படியாக ஏறி 2024 ஜனவரியில் 18 வீதத்தில் நின்றது. இரண்டு சிம்முக்கும் ரீலோட் போட முடியாத வீடுகள் எதை விடுவது என்று யோசித்த காலம் இது. பல வீடுகளில் விடப்பட்டது பெரிய கம்பனியின் பேக்கேஜ்தான். சிம் மட்டும் வரும் அழைப்புக்காக உயிரோடு இருந்தது. இதே சரிவுதான் சின்னக் கம்பனிகளை விற்கும் இடத்துக்கும் தள்ளியது. மூன்று கோடிக்குக் கிட்டச் சிம் ஓடும், இரண்டேகால் கோடிக்கும் குறைந்த சனமுள்ள நாட்டில், நான்கு கம்பனியும் தனித்தனியாக டவர் கட்டி டொலரில் கருவி வாங்குவது நெடுநாள் தாங்காது என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. நான் அதை மறுக்கவில்லை.

கடலில் இருப்பவர்கள்

இந்த இணைப்பில் மனமாரச் சந்தோஷப்பட்டவர்களை நான் பார்த்தது கடற்கரையில்தான். திருக்கடலூரிலோ நிலாவெளியிலோ விடியற்காலையில் படகு திரும்பும்போது, கரை ஏறுவதற்கு முன்பே விலை பேச வேண்டும். இன்றைக்கு யார் என்ன விலைக்கு எடுக்கிறார்கள், ஐஸ் இருக்கிறதா, லொறி எத்தனை மணிக்கு வெளிக்கிடுகிறது என்பதெல்லாம் கடலில் வைத்தே தெரிய வேண்டும். நீர்ப்பரப்பில் தடையில்லாததால் சிக்னல் தரையை விட நன்றாகப் போகும். பழைய 2ஜி (ஜிஎஸ்எம்) முறையில் டவரிலிருந்து சாதாரணமாக 35 கிலோமீட்டர்தான் எல்லை. அதற்கு அப்பால் சிக்னல் கேட்டாலும், போனும் டவரும் நேரம் ஒத்துப்போகாது. ஆகவே எந்தக் கம்பனியின் டவர் கரையோரமாக, உயரமாக நிற்கிறது என்பது மீனவருக்கு மனப்பாடம். பொலித்தீன் பைக்குள் சுற்றிய போனை வெளியே எடுக்காமலே, பையோடு காதில் வைத்துக் கதைப்பார்கள். கரை தாண்டும்போது எந்தச் சிம்மில் எடுப்பது என்று விரல் தானாகப் போகும்.

எயார்டெல் வாடிக்கையாளருக்கு டயலொக்கின் பரந்த வலையமைப்பு கிடைக்கும் என்பதுதான் இணைப்பின்போது முன்வைக்கப்பட்ட பெரிய வாக்குறுதி. கரையில் மலிவுச் சிம், கடலில் மற்றச் சிம் என்று இரண்டும் வைத்திருந்தவருக்கு அது நேரடியாகப் புரிந்தது. "இனி ஒண்டு போதும் அண்ணா" என்றார் ஒருவர். அவர் சந்தோஷத்தில்தான் சொன்னார். எனக்கு அந்த வசனம் கொஞ்சம் இடறியது. ஒன்று போதும் என்று அவர் தீர்மானித்த நாளோடு, அவர் கையில் இருந்த பேரம் பேசும் ஆயுதமும் ஒன்று குறைகிறது.

டயலொக் பாவிப்பவர்களிடம் ஒரு சின்ன முணுமுணுப்பு இருந்தது: எங்கட டவரில சனம் கூடிரும், டேட்டா இழுக்காது என்று. மே முதல் செப்டம்பர் வரை உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஆட்கள் நிறையும் காலம். போயா விடுமுறை நீண்ட வார இறுதியோடு சேர்ந்து வந்தால் புறாத்தீவுக்குப் போகும் படகுத் துறையில் படம் அனுப்பவே காத்திருக்க வேண்டும். இணைப்பு முடிந்ததும் அந்தக் காலத்தில்தான். ஆனால் இந்தக் கணக்கில் ஒன்று விடுபடுகிறது. வாடிக்கையாளரோடு சேர்ந்து அந்தக் கம்பனியின் அலைவரிசையும் வருகிறது. பஸ்ஸில் ஆள் கூடும்போது இருக்கையும் கூடுகிற மாதிரி. நெரிசல் வருமா வராதா என்பது அந்த அலைவரிசையை எந்த டவரில் எவ்வளவு சீக்கிரம் ஏற்றுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

ரீலோட் மேசை

வாடிக்கையாளர் கருத்தை அறிய வேண்டுமென்றால் ரீலோட் கடை மேசையில் கிடக்கும் கொப்பியைப் பார்க்கலாம். ஸ்கூல் பிள்ளைகளின் 80 பக்கக் கொப்பி ஒன்று, நூலில் கட்டிய பேனை. வருபவர் நம்பரையும் தொகையையும் எழுதுவார், கடைக்காரர் பார்த்து அடித்துவிட்டு ஒரு கோடு போடுவார். இளம் பெண்கள் சிலர் எழுத மாட்டார்கள். கொப்பியில் கிடக்கும் நம்பரை யாரும் பார்த்து எடுக்கலாமே. அவர்கள் கார்ட் வாங்கிச் சுரண்டிக்கொள்வார்கள், அல்லது தம்பியை அனுப்புவார்கள்.

மேசையில் கம்பனிக்கு ஒரு போன் இருக்கும். நம்பரின் முதல் மூன்று இலக்கத்தைப் பார்த்ததும் கடைக்காரரின் கை அந்தப் போனுக்குப் போகும். 077, 076 என்றால் இது, 071 என்றால் அது, 078, 072 என்றால் மற்றது. கம்பனிகள் சேரச் சேர அந்த மேசையில் போன் குறைகிறது. கடைக்காரருக்கு இதில் வசதியும் உண்டு, வருத்தமும் உண்டு. ரீலோட்டில் அவருக்கு வரும் கழிவு சொற்பம். ஆனால் நான்கு கம்பனியின் ஆட்கள் நான்கு பேர் வந்து போகும்போது, என் போர்டை முன்னால் மாட்டு, என் சிம்மைச் சொல்லி வில் என்று அவருக்கும் ஒரு மரியாதை இருந்தது. சிம் விற்றால் ஊக்கத்தொகை, வருடத்துக்கு ஒரு குடையோ சுவர்க்கடிகாரமோ. மூன்று பேர் மட்டும் வரும்போது அந்தக் குரல் தாழ்கிறது. அனுராதபுரச் சந்திப் பக்கம் கடை வைத்திருக்கும் ஒருவர் இதை ஒரே வரியில் சொன்னார்: "முன்ன அவங்க என்னைத் தேடி வந்தாங்க."

வாடிக்கையாளரின் இன்னொரு கேள்வியும் இந்த மேசையில்தான் அதிகம் கேட்டது. "இனி 075இலயிருந்து 077க்கு எடுத்தா ஒரே கம்பனிக் கணக்கா?" நியாயமான கேள்வி. கொழும்புச் செய்திகளில் பங்கு வீதம் வந்தது, இதற்கு விடை வரவில்லை. பேக்கேஜ் தொடருமா என்பதும் அப்படித்தான். பேக்கேஜ் என்பது கம்பனி எந்நேரமும் மாற்றக்கூடிய ஒன்று, இணைப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும். ஆனால் மாற்றும்போது பயப்படுவதற்கு ஓர் எதிராளி இருக்கிறானா என்பதுதான் வித்தியாசம்.

விட்டுப் போகாமல் விடுவது

இந்தியாவில் வோடபோனும் ஐடியாவும் 2018 ஓகஸ்ட் கடைசியில் ஒன்றானபோது அவர்களிடம் 40 கோடி வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். ஆறு வருடத்தில் அது கிட்டத்தட்டப் பாதியானது. போட்டிக் கம்பனி ஜியோவின் மலிவு விலை அதற்குப் பெரிய காரணம். ஆனால் போவதற்கு வழி இருந்ததும் காரணம்தான். அங்கே நம்பரோடு கம்பனி மாறும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்துவிட்டது. ஒரு வாடிக்கையாளர் போனால், போனார் என்று கணக்கில் விழும்.

அந்த வசதி வராதவரை இங்கே கோபம் கணக்கில் விழாது. பேக்கேஜ் பிடிக்காத திருகோணமலைக்காரர் கம்பனியை விட்டுப் போவதில்லை. ரீலோட் போடுவதை நிறுத்துவார். சிம்மை முதலாவது குழியிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றுவார். அப்புறம் அது அலுமாரி லாச்சிக்குள் போகும். கம்பனியின் புத்தகத்தில் அந்த நம்பர் சில காலம் வாடிக்கையாளராகவே இருக்கும். ஆகவே இணைப்புக்குப் பிறகு எத்தனை பேர் போனார்கள் என்று எண்ணி, அதை வைத்து வாடிக்கையாளர் திருப்தியாக இருக்கிறார்கள் என்று முடிவெடுத்தால் பிழைதான் வரும். எந்தச் சிம் எந்தக் குழியில் இருக்கிறது என்று கேட்டால் ஓரளவு உண்மை தெரியும்.

கேட்காதவர்கள்

மத்திய வீதிக்காரர் பில்லைப் பற்றிச் சொன்னதற்கு வருகிறேன். அந்தப் பில் 075ஐத் தொடாதவருக்கும் வரும். உவர்மலையில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரிடமும், பட்டினத்தெருப் பக்கம் ஒரு நகைக்கடைக்காரரிடமும் இணைப்பைப் பற்றிக் கேட்டேன். இருவரும் ஆரம்பம் முதல் 077 மட்டும். "அது எயார்டெல்காரங்கட பிரச்சினை" என்றுதான் இருவரும் சொன்னார்கள். வேறு வசனத்தில், அதே அர்த்தத்தில்.

எனக்கு அது இந்த 077காரர்களின் பிரச்சினையாகத்தான் படுகிறது. எல்லையில்லாத அழைப்பு என்ற பேக்கேஜைச் சின்னக் கம்பனி மலிவாகப் போட்டால், பெரிய கம்பனிகளும் அதற்குக் கிட்டவாக ஏதாவது போட்டே ஆக வேண்டும். 075 பாவிக்காதவரும் அந்த மலிவின் ஒரு பங்கை அனுபவித்துக்கொண்டுதான் இருந்தார், யாரால் என்று தெரியாமல். அந்த நெருக்குதலைக் கொடுத்த கம்பனி இப்போது அதே வீட்டுக்குள். மீதமிருக்கும் இரண்டில், மொபிடெல் அரசுப் பங்குள்ள எஸ்எல்டி எனப்படும் ஸ்ரீலங்கா டெலிகொம்மின் கம்பனி. விலையை உடைக்கும் பழக்கம் இன்னும் ஹட்சிடம் மட்டும் எதிர்பார்க்கலாம். அதன் சிக்னல் எங்கள் மாவட்டத்தில் எங்கே எடுக்கும், எங்கே எடுக்காது என்பதைக் குச்சவெளிக்கு அப்பால் இருப்பவர்களிடமும் ஈச்சிலம்பற்றுக்காரர்களிடமும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

சட்டத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது, இதைப் பலர் அறிய மாட்டார்கள். கம்பனிகள் சேர்வதால் போட்டி கெடுமா என்று ஆராய 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒரு நியாய வர்த்தக ஆணைக்குழு இருந்தது. 2003இல் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் வந்தபோது அது இல்லாமல் போனது. புதிய சபைக்கு விலை பற்றியும் போட்டிக்கு எதிரான நடத்தை பற்றியும் அதிகாரம் வந்ததே தவிர, இணைப்புகளை முன்கூட்டியே நிறுத்திப் பார்க்கும் வேலை வரவில்லை. தொலைத்தொடர்பில் அனுமதி தருவது ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. இந்த இணைப்புக்கும் அதுதான் தந்தது. உரிமம், அலைவரிசை, சேவைத் தரம், எல்லாம் பார்க்கும் ஒரே இடம். அங்கே முறையிட 1900, நுகர்வோர் சபைக்கு 1977. இரண்டும் நடந்து முடிந்த குறையைச் சொல்லும் நம்பர்கள்.

நம்பரோடு கம்பனி மாறும் வசதி நடைமுறைக்கு வருவதற்கு முன்பே இரண்டு இணைப்புகள் நடந்து முடிந்தது எனக்கு ஒழுங்காகப் படவில்லை. முதலில் கதவைத் திறந்து வைத்துவிட்டு அப்புறம் வீடுகளைச் சேர்த்திருக்கலாம். அது வந்தாலும் வாடிக்கையாளர் மாறுவதற்கு மூன்று இடம்தான், அதில் ஒன்றில் அவர் ஏற்கெனவே இருப்பார். 077ஐ மட்டும் வைத்திருப்பவர்கள் அடுத்த கட்டண அறிவித்தல் வரும்போது அதைக் கவனமாக வாசிக்கட்டும். பழைய பேக்கேஜின் விலை, நாட்கள், எந்த வலையமைப்புக்கு எத்தனை நிமிடம் என்பதை எங்காவது எழுதி வைத்திருந்தால் ஒப்பிட வசதியாக இருக்கும்.